ஒரு லட்சம் பேரின் கணக்கு

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வரும் இதய நோயாளிக்கு, 'இது ஏற்கெனவே இருந்த நோய்' என்று சொல்லிச் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. அவரே கைக்காசில் தனியார் பாலிசி எடுத்தால், அந்த நோய்க்குக் கிளெய்ம் கேட்க 36 மாதம் வரை காத்திருக்க நேரலாம். ஏன் இந்த வேறுபாடு?

ஆண்டுக்கு நூற்றில் இருவர் ஆஸ்பத்திரியில் படுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் நூறு பேர் மட்டும் பணம் போட்டு நிதி சேர்த்தால், ஓர் ஆண்டு ஒருவரும் படுக்கமாட்டார்கள். மறு ஆண்டு ஐந்து பேர் படுத்து நிதி காலியாகும். ஒரு லட்சம் பேர் சேர்ந்தால்? சராசரி 2,000. கொள்ளைநோய் ஏதும் வராதவரை, இருபது ஆண்டுகளில் பத்தொன்பதில் எண்ணிக்கை 1,910-க்கும் 2,090-க்கும் இடையிலேயே நிற்கும்! யார் படுப்பார் என்று தெரியாது. எத்தனை பேர் என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் சேருவது அவரவர் விருப்பமானால் இந்தக் கணக்கு குலையும். நோயுற்றவர் முந்திக்கொள்வார், திடமானவர் ஒதுங்குவார். பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் பலர் விலகுவர். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் இதை விளக்கினார். காத்திருப்புக் காலம் இதற்குப் போட்ட வேலிதான்.

தமிழ்நாடு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான திட்டத்திலும் வேறு வழியில் போனது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டியது. திடமானவர் விலகி ஓட வழியில்லை, வேலிக்கும் வேலையில்லை.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். எல்லோரும் பாலிசி எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தால் நோயாளிகளையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவற்றின் சங்கம் 2008-இல் அறிவித்தது. மறு ஆண்டே, அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்ய வணிகர் அமைப்பொன்றுக்கு 8.6 கோடி டாலர் கொடுத்தது. கட்டாயம் வேண்டும், கட்டுப்பாடு வேண்டாம் என்பதே அந்தப் பணத்தின் பொருள். இருந்தும் 2010-இல் சட்டம் நிறைவேறியது. 2014 முதல் பழைய நோயைக் காட்டி யாரையும் ஒதுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலோ வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பம் இன்னும் வேலிக்கு வெளியே நிற்கிறது. அந்த 36 மாதமும்கூட 2024 வரை 48 மாதமாக இருந்தது. குறைத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்.