துருவுக்குத் தப்பிய கார்களுக்கே விலை

பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் பாகான் டத்தோ. தென்னைக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் வீட்டுக் கேட்டும் சைக்கிள் சங்கிலியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே உப்புக் காற்றில் 25 ஆண்டுகள் நின்ற ஸ்போர்ட்ஸ் கார் என்ன ஆகும்? ‘பழைய கார் வாங்கிப் போட்டால் தங்கம்போல் விலை ஏறும்’ என்று கேள்விப்பட்டுச் சேமிப்பில் கைவைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விலை ஏறுவது உண்மைதான். ஃபெராரி 250 ஜிடிஓ கார்கள் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாராயின. அவற்றுள் ஒன்று 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. நம் நாட்டில் அந்த அளவு இல்லாவிட்டாலும், புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காருக்குத் தனி ரசிகர்கள் உண்டு. 1996-இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்திய, 1.8 லிட்டர் என்ஜின் கொண்ட கார் அது.

ஆனால், வயது மட்டும் விலையைக் கூட்டாது. கெடாமல் மிஞ்சியவை சில என்பதே விலையைக் கூட்டுகிறது. மற்றவற்றை அழித்ததில் துருவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரும்பு, நீர், உயிர்வளி மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் அது வேகமெடுக்கும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் வெயில் நாளிலும் தகரத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். உப்பு கலந்த அந்த நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயிண்ட் உப்பி உரியும். கதவுக்குக் கீழுள்ள சட்டத்திலும் டயர் வளைவின் உட்புறத்திலும் இது மறைவாகவே நடக்கும்.

பேராக் மக்களுக்கு நன்கு தெரிந்த ரப்பரும் தப்புவதில்லை. காற்றிலுள்ள ஓசோன், இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கும். காரின் அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்குமுன் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை இரும்புப் பகுதிகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் துருவின் ஓட்டையைப் புட்டி பூசி மறைத்திருக்கலாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே ஒட்டாது. என்ஜின், சேஸி எண்கள் பதிவு அட்டையோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு, காரின் அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவி உலர விடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தைச் சிறைபிடிக்கும். காற்றுப் புகும் உறையே நல்லது.

பட்டறைச் செலவு, காப்புறுதி, சாலை வரி, கொட்டகை ஆகியவற்றை ஆண்டுதோறும் கூட்டி எழுதுங்கள். விற்கும் விலை அந்தக் கூட்டுத்தொகையையும் வாங்கிய விலையையும் தாண்டினால்தான் லாபம். தங்கம் பெட்டியில் இருந்தால் துருப்பிடிக்காது, கார் அப்படியல்ல.