ஜப்பானிய வாளை அறிதல் – 9: பிடிக்குள் மறைந்த சான்று

வாளின் வளைவைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்கும் முறை சென்ற வாரத்தோடு முடிந்தது. அடுத்து வரவேண்டியது ஹமோன், அதாவது காய்ச்சிய அலகை நீரில் தோய்க்கும்போது கூர்விளிம்பை ஒட்டிப் பிறக்கும் வெண்ணிறக் கோலம். ஆனால் ஹமோனை நம்பினால் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும் புகழ்பெற்ற வாள் ஒன்று உண்டு என்பதாலும், அந்த வாளின் வரலாற்றைக் காத்து நிற்பது அதன் நாகாகோதான் என்பதாலும், இந்த வாரம் நாகாகோவுக்கு உரியதாகிறது.

நாகாகோ என்பது பிடிக்குள் செருகப்பட்டு, மூங்கில் ஆணியால் இறுக்கப்படும் அடிப்பகுதி. அலகு தலைமுறைதோறும் தீட்டப்பட்டுத் தேய்ந்துகொண்டே வருகிறது. நாகாகோவைத் தீட்டுவதில்லை என்பதால், கொல்லரின் அரமும் உளியும் பதித்த தடங்கள் நூற்றாண்டுகளின் துருவோடு சேர்ந்து அதில் தங்கிவிடுகின்றன. பழமையான நாகாகோவின் துரு கருமை கலந்த பழுப்பாக, இரும்போடு ஒன்றி, மெல்லிய மினுமினுப்புடன் இருக்கும். கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டும்போது வரிகளின் ஓரத்தில் உலோகம் நுண்ணிய கரையாக எழும்புகிறது. காலம் செல்லச்செல்ல அந்தக் கரை மழுங்கி, வரியின் பள்ளத்திலும் வெளியிலும் துரு ஒரே நிறமாக முதிர்கிறது. பின்னாளில் எவரோ வெட்டிய பெயரிலோ, உளி பழந்துருவை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்துக்கு மட்டும் செயற்கையாகத் துரு ஏற்றப்படுவதால், சாய்ந்த ஒளியில் பார்த்தால் நிறபேதம் தெரிந்துவிடும். இவ்வாறு பொய்ப்பெயர் தாங்கிய வாளை கிமெய் என்பர்.

கவசம் செய்யும் தொழிலிலிருந்து வாள் தொழிலுக்கு மாறி, 17ஆம் நூற்றாண்டில் எதோ நகரில் புகழ்பெற்ற நாகாசோனே கொதேத்சுவின் பெயரில் அத்தனை போலிகள் உலவுவதால், அவர் பெயர் உள்ள வாளைக் கண்டால் முதலில் ஐயப்படுவதே சேகரிப்பாளர் மரபாகிவிட்டது. அவருடைய பெயரின் முதல் எழுத்தில் முற்காலத்தில் கடைசிக் கோடு சுண்டி எழும். பிற்காலத்தில் அதே எழுத்து பெட்டிபோலச் சதுரமாகிவிடும். முன்னதை ஹனேதோரா என்றும் பின்னதை ஹகோதோரா என்றும் பிரித்து, எழுத்தின் வடிவம் அலகின் வேலைப்பாடு காட்டும் பருவத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

பெயரே இல்லாவிட்டாலும் நாகாகோ ஊமையாகிவிடுவதில்லை. பிடி நழுவாதிருக்க இழுக்கப்படும் அரக்கோடுகள், அதாவது யாசுரிமே, சில பள்ளிகளில் கிடையாகவும் சிலவற்றில் சாய்வாகவும் அமையும்; இன்றைய ஒகாயாமா மாவட்டத்தின் மேற்குப் பகுதியான பிச்சூவில் வாழ்ந்த அயோயே கொல்லர்கள் மிகச் செங்குத்தான சாய்வை விரும்பினார்கள். கூர்விளிம்பு கீழ்நோக்க இடையில் தொங்கவிடப்படும் தாச்சி வகை வாளில் பெயர் வெளிப்புறம் பார்த்திருப்பதே வழக்கம் என்றாலும், பழைய அயோயே கொல்லர்கள் பலர் உடலை நோக்கிய பக்கத்தில் பெயர் வெட்டினார்கள். ஆகவே பெயர் தேய்ந்து படிக்க முடியாமல் போனாலும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ஒரு துப்பு.

இவ்வளவு செய்திகளைத் தாங்கும் இந்தப் பகுதியைத்தான் 16ஆம் நூற்றாண்டில் பெருமளவில் வெட்டி எறிந்தார்கள். போர்முறை மாறி, நீண்ட தாச்சிகளைக் குறுக்கி, கூர்விளிம்பு மேல்நோக்க இடைக்கச்சையில் செருகும் வாளாக்கியபோது, முனையைத் தொட்டால் அலகு கெட்டுவிடும் என்பதால் அடியிலிருந்தே குறுக்கினார்கள்; அதோடு கொல்லரின் பெயரும் போயிற்று. பெயரை இழக்க மனமில்லாதவர்கள் அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் புதிய நாகாகோவில் பதித்தார்கள். இதற்கு ககுமெய் என்று பெயர். பெயர் முற்றிலும் போன வாள்களை, தீட்டுவதிலும் மதிப்பிடுவதிலும் வழிவழியாகத் தேர்ந்த ஹோன்அமி குடும்பத்தார் ஆராய்ந்து, கொல்லர் இன்னார் என்ற தங்கள் தீர்ப்பைப் பொன்னெழுத்தில் நாகாகோவிலேயே பதித்தார்கள். ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் உள்ள, 64.8 செ.மீ. நீளமுள்ள ஹெஷிகிரி ஹாசெபே என்ற தேசியப் புதையலில், ஹாசெபே குனிஷிகே என்ற கொல்லரின் பெயரை இப்படிப் பதித்தவர் ஹோன்அமி கோதொக்கு. உணவுத் தட்டுகள் வைக்கும் அலமாரிக்கு அடியில் ஒளிந்த பணியாளைப் போர்த்தலைவர் ஓதா நொபுநாகா அலமாரியோடு சேர்த்து வெட்டிய வாள் இது என்று மரபுக்கதை கூறுகிறது.

நொபுநாகாவின் பெயர் வந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சுட்டிய வாளும் வருகிறது. 1560இல் ஒகேஹாசாமாவில், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையோடு வந்த இமாகாவா யோஷிமோதோவை வீழ்த்திய நொபுநாகா, அவர் ஏந்தியிருந்த வாளைக் கைப்பற்றி, அதைக் குறுக்கச் செய்து, நாகாகோவில் பொன்னெழுத்து பதிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தில் நொபுநாகாவின் பெயர். மறுபக்கத்தில் எய்ரொக்கு 3ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் 19ஆம் நாள் என்ற தேதியும், யோஷிமோதோவை வீழ்த்தியபோது அவர் வைத்திருந்த வாள் இது என்ற வாசகமும். பிடியைப் பூட்டியபின் இதில் ஓரெழுத்தும் வெளியே தெரியாது. பகைவரை மிரட்டவோ அவையில் காட்டிப் பெருமை கொள்ளவோ உதவாத இடத்தில், ஆணியைக் கழற்றிப் பார்ப்பவருக்கு மட்டுமாக ஒரு பெரும் வெற்றியைப் பதித்துவைத்த செயல் வியக்கத்தக்கது. யோஷிமோதோ சாமோன்ஜி எனப்படும் இந்த வாள் பின்னர், நொபுநாகாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஹிதெயோஷியின் குடும்பத்துக்கும், அதன்பின் ஆட்சியைப் பிடித்த தொகுகாவா குடும்பத்துக்கும் சென்றது. 1657இல் எதோவை அழித்த மெய்ரேக்கி பெருந்தீயில் வெந்து, பின்னர் மீண்டும் காய்ச்சித் தோய்க்கப்பட்டது. ஆகவே இன்று அதில் காணும் ஹமோன் முதல் கொல்லரின் கைவேலை அன்று. மறுதோய்ப்பு பெற்ற வாளைச் சேகரிப்பாளர்கள் பெருங்குறையுடையதாக ஒதுக்குவதே பொதுவிதி. அவ்விதிக்கு விலக்காக, கியோத்தோவின் கென்குன் கோயிலுக்கு உரிய இவ்வாள் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகப் போற்றப்படுவதற்குக் காரணம் நாகாகோ சொல்லும் வரலாறே.

இதனால் நாகாகோவை முதலில் பார்க்க வேண்டும் என்று கொண்டுவிடலாகாது. ஜப்பானில் கந்தெய் எனப்படும் மதிப்பீட்டுப் பயிற்சியில் நாகாகோவை மூடிவைத்து, அலகை மட்டும் காட்டி, கொல்லரின் பெயரை எழுதித்தரச் சொல்வார்கள். பெயர் கண்ணில் பட்டுவிட்டால் அலகை நேர்மையாகப் பார்க்க முடியாது என்பதே காரணம். அந்த முறையே சரி. பொய்ப்பெயர் வெட்டிய வாளைவிட, பெயரிழந்தும் வேலைப்பாடு குன்றாத வாள் எல்லா வகையிலும் உயர்ந்தது.

அலகு பற்றிய பாடம், அதாவது ஹமோன், அடுத்த வாரம் வரும். அதற்குள் எவருடைய கைக்கேனும் பழைய ஜப்பானிய வாள் ஒன்று வந்து சேருமானால், அதன் நாகாகோவில் உப்புத்தாளோ, துரு நீக்கும் மருந்தோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை தேய்த்து நீக்கிய பழந்துருவை எந்தக் கைத்தேர்ச்சியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.