வேலைத்தலப் பென்சன் குறைந்தால் மீதியை யார் தருவது?

யேர்மனியில் எம்மவர்கள் முதுமைக்கால வருமானம் முழுவதையும் 'ரென்ர' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அரச ரென்ர இன்று உழைப்பவர்களின் பங்களிப்பிலும் அரச மானியத்திலும் நடக்கிறது. வேலைத்தலம் ஊடாகச் சேரும் பென்சன் அப்படியல்ல. அது முதலீட்டை நம்பியது. குறையக்கூடியது.

2018இல் கொலோனிலுள்ள காரித்தாஸ் பென்சன்காசே, கொலோன் பென்சன்காசே இரண்டினதும் தொழில் அனுமதியை நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் இரத்துச் செய்தது. அவை புதிய ஒப்பந்தம் எழுத முடியாது. பழைய ஒப்பந்தங்கள் தொடர்ந்தன, ஆனால் வாக்களித்த தொகை வெட்டப்பட்டது. காரணம் களவு அல்ல, வட்டி. 1990களின் பிற்பகுதியில் ஆயுள் காப்புறுதிகள் 4 வீத வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்த காலம். 2017இல் அந்த உச்சவரம்பு 0.9 வீதத்துக்கு இறங்கியது. பழைய வாக்குறுதியை நிறைவேற்றுமளவுக்குச் சந்தையில் வருமானம் கிடைக்கவில்லை.

மாதம் 300 யூரோ எதிர்பார்த்தவருக்கு 20 வீதம் வெட்டினால் மாதம் 60 யூரோ போகும். 20 வருடத்தில் அது 14,400 யூரோ. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலைத்தடையில் இருந்து, பிறகு சமையலறையிலும் தொழிற்சாலையிலும் தொடங்கியவர்களுக்கு அரச ரென்ரயே சிறியது. அவர்களுக்கு இந்த 60 யூரோ ஊருக்கு அனுப்பும் பணம், அல்லது மருந்துக் காசு. 67 வயதுக்குப் பிறகும் மினியொப் தேடவைப்பது இப்படியான பள்ளங்கள்தான்.

ஆனால் கடிதம் வந்ததும் 'போனது போனதுதான்' என்று விட்டுவிடக்கூடாது. யேர்மன் சட்டப்படி பென்சன் வாக்குறுதி கொடுத்தவர் முதலாளி. பென்சன்காசே அவருடைய கருவி மட்டுமே. வெட்டப்பட்ட பகுதியை முதலாளியே ஈடுசெய்ய வேண்டும் என்று கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. எனவே பழைய வேலைத்தலத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அங்கிருந்து விலகியிருந்தாலும் அந்தக் காலத்துக்குரிய உரிமை இருக்கிறது. மாதாந்தக் கொடுப்பனவுகள் பொதுவாக மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பதால் ஆறப்போட வேண்டாம்.

முதலாளியே வங்குரோத்தானால்? நீண்டகாலம் இதற்குப் பதில் இல்லை. 13.8 வீதம் வெட்டப்பட்ட ஓர் ஓய்வூதியரின் வழக்கில், 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அரசு குறைந்தபட்சப் பாதுகாப்பாவது தரவேண்டும் என்றது. அந்தக் குறைந்தபட்சம் மிகக் குறைவு: பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது வறுமைக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். அதைவிட நல்லது பிறகு வந்த சட்டம். 2022 முதல் முதலாளி வங்குரோத்தானால், 1974இல் தொடங்கிய பென்சன் பாதுகாப்புச் சங்கம் பென்சன்காசே வெட்டையும் ஈடுசெய்கிறது. அதற்கு முன் வங்குரோத்தானவர்களிடம் வேலை செய்தவர்களுக்குப் பழைய குறைந்தபட்சம்தான்.

இதைப் படித்துவிட்டு 'இனி வேலைத்தலப் பென்சனே வேண்டாம்' என்பதும் கணக்குக்கு ஒத்துவராது. சம்பளத்திலிருந்து சேர்க்கும்போது முதலாளி தனக்கு மிச்சமாகும் சமூகக் காப்புறுதிப் பணத்திலிருந்து 15 வீதம்வரை மேலதிகமாகப் போட வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் வேறு. வேலையை விட்டபின் அதே ஒப்பந்தத்துக்குச் சொந்தப் பணத்தைத் தொடர்ந்து கட்டுபவர்கள் எம்மிடையே உண்டு. அந்தப் பகுதி வெட்டப்பட்டால் முதலாளியும் பொறுப்பில்லை, பாதுகாப்புச் சங்கமும் பொறுப்பில்லை.