மருந்துக்கு மசியாத புழு

செம்மறியின் நான்காம் இரைப்பையில் வாழும் ஹீமோங்கஸ் கண்டோர்ட்டஸ் இரத்தம் குடிக்கும் புழு. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர்தான், 5,000 புழுக்கள் சேர்ந்தால் கால் லீற்றர் போய்விடும். கண்ணிமையின் உட்புறம் வெளிறும், கீழ்த்தாடை நீர்கோத்து வீங்கும், பிறகு ஆடு விழும். ஒரு பெண்புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புழுக்கையோடு வெளியேறிய முட்டை, ஈரமும் வெப்பமும் கிடைத்தால், ஒரு வாரத்தளவில் தொற்றும் குடம்பியாகிப் புல்லில் ஏறிக்கொள்ளும்.

இவ்வளவு பெருக்கத்தில், மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் ஒன்றிரண்டு புழுக்களிடம் முன்பே இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. தயாபென்டசோல் 1961இல் வந்தது; 1964இலேயே அதற்கு மசியாத புழு அமெரிக்காவில் பதிவானது. இன்று பரவலாகப் பருக்கப்படும் அல்பென்டசோலும் அதே குடும்பம். இரண்டும் புழுவின் பீற்றா டியூபுலின் புரதத்தைப் பற்றியே கொல்கின்றன. அதன் 200ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினாலே பிடி நழுவும். ஆகவே ஒரே குடும்பத்து மருந்தை வேறு பெயரில் வாங்குவது வீண்செலவு. 1981இல் வந்த ஐவர்மெக்டினும் பத்தாண்டுக்குள் தென்னாபிரிக்காவில் தோற்றது. பல மருந்துகளை ஒருங்கே தாங்கும் புழுக்கள் தென்னிந்தியச் செம்மறிகளில் இருப்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

நல்லூரிலும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். நீண்ட கோடையில் தரையிலுள்ள குடம்பிகள் காய்ந்து சாக, எஞ்சும் புழுக்கள் ஆட்டின் வயிற்றில் மட்டுமே இருக்கும். அந்நேரம் பட்டி முழுவதற்கும் மருந்து பருக்கினால், தப்பியவற்றின் சந்ததியே மாரியில் புல்லெங்கும் பரவும். மருந்து படாத புழுக்கள் வெளியே இல்லாததால் கலப்புக்கும் வழியில்லை. கோடை வறண்ட மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்தது இதுதான். மருந்து கொடுத்த கையோடு அறுவடை முடிந்த வயலுக்குப் பட்டியை மாற்றுவதும் இதே கேட்டைச் செய்யும்.

தென்னாபிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இமையின் நிறத்தை ஐந்து படிகளாகக் காட்டுகிறது. வெளிறியவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். வெள்ளாட்டின் உடல் மருந்தை விரைவில் சிதைப்பதால் செம்மறிக்குரிய அளவு அதற்குப் போதாது. குறைந்த அளவே எதிர்ப்பை வளர்க்கும் குறுக்குவழி. வெள்ளாடுகளுக்குப் பூவரசு, முள்முருக்கு, கிளுவைக் குழைகளை உயரக் கட்டித் தீனி கொடுக்கும் யாழ்ப்பாண வழக்கம், குடம்பி ஏறாத தீனி என்ற அளவில், மருந்துக்குச் செலவழிப்பதிலும் மேலானது.

மருந்து கொடுக்குமுன்னும் 10 முதல் 14 நாள் கழித்தும் புழுக்கையில் முட்டைகளை எண்ணுவதே சோதனை. குறைவு 95 வீதத்தை எட்டாவிட்டால், அந்த மருந்தை அந்தப் பட்டியில் நம்புவதற்கில்லை.