தொற்றுநோய்க் காலத் தீர்மானங்களும் விமர்சனமும்

விவாதப் பிரேரணை: “தொற்றுநோய்க் காலத்தில் அரசின் தீர்மானங்களை விமர்சிப்பது குடிமக்களின் உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும்.”

அறிமுகம்

மாணவர்களே, இவ்வாறான தலைப்பு வழங்கப்படும்போது பலர் அரசைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதிவிட்டு முடித்துவிடுகின்றனர். அது விவாதம் ஆகாது. குறித்த ஒரு தீர்மானத்தை எடுத்து, சான்றுகளுடன் எடைபோடுவதே விவாதமாகும்.

இலங்கையில் முதலாவது கொவிட்-19 நோயாளி 2020 ஜனவரி 27இல் இனங்காணப்பட்டார். மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. 2021 ஜனவரி 29இல் தடுப்பூசி ஏற்றும் பணி ஆரம்பமானது. இவற்றோடு எடுக்கப்பட்ட இன்னொரு தீர்மானம், இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்வதாகும். தோப்பூர், மூதூர், கிண்ணியா மாணவர்கள் இதனைப் பற்றி வீட்டிலேயே கேட்டறிந்திருப்பீர்கள். அதனையே இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

1. நிகழ்ந்தவை

• 2020 மார்ச் 24: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் வெளியானது. தொற்றுநோயால் இறந்தோரைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என அதில் கூறப்பட்டது.
• 2020 ஏப்ரல் 11: தகனத்தைக் கட்டாயமாக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளியானது.
• 2020 டிசம்பர் 1: இதனை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காது நிராகரித்தது.
• 2021 பெப்ரவரி 25: அடக்கம் செய்வதற்கும் அனுமதியளித்து வர்த்தமானி திருத்தப்பட்டது.
• 2021 மார்ச் 5: மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் அடக்கம் ஆரம்பமானது. 3,600க்கும் அதிகமானோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர்.
• 2024 ஜூலை: கட்டாயத் தகனத்திற்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது.

2. இரு தரப்பு நியாயங்கள்

அரசின் தரப்பு: நோய் புதியது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் புதைத்தால் நீர் மாசடையலாம். ஐயம் தீரும்வரை முன்னெச்சரிக்கையே மேலானது. அரசியலமைப்பின் 15(7)ஆம் உறுப்புரையும் பொதுச் சுகாதாரத்தின் பொருட்டுச் சில உரிமைகளைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்த இடமளிக்கின்றது.

விமர்சகர் தரப்பு: இந்நோய் சுவாசத்தின் வழியே பரவுவது. வைரசு உயிருள்ள கலங்களினுள் மாத்திரமே பெருகும். உலகின் பெரும்பாலான நாடுகள் அடக்கத்தை அனுமதித்தன. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனக் கருத்துத் தெரிவித்தது. முஸ்லிம்களுக்கு ஜனாஸாவை நல்லடக்கம் செய்வது மார்க்கக் கடமையாகும். கிறிஸ்தவர்களிலும் இந்துக்களிலும் அடக்கம் செய்யும் வழக்கமுடையோர் உளர்.

3. எடைபோட உதவும் நான்கு வினாக்கள்

(அ) தீர்மானம் எடுக்கப்பட்டபோது என்ன அறியப்பட்டிருந்தது? பின்னர் தெரியவந்ததைக் கொண்டு முன்னைய தீர்மானத்தைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் இங்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் வர்த்தமானிக்கு முன்னரே வெளிவந்திருந்தது.

(ஆ) வேறு வழி இருந்ததா? நீர்மட்டம் தாழ்ந்த நிலத்தைத் தெரிவுசெய்து, சுகாதார அதிகாரிகளின் மேற்பார்வையில் ஆழமாக அடக்கம் செய்திருக்கலாம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் இவ்வழியே பின்பற்றப்பட்டது.

(இ) சுமை யார்மீது விழுந்தது? ஊரடங்கு எல்லோரையும் பாதித்தது. தகனக் கட்டளையோ இறந்தோரை அடக்கம் செய்யும் வழக்கமுடைய குடும்பங்களின் நெஞ்சையே சுட்டது. சுமை சமமாக விழாதவிடத்து, சான்றும் வலுவானதாக இருத்தல் வேண்டும்.

(ஈ) சான்று கிடைத்தபோது திருத்தப்பட்டதா? திருத்தப்பட்டது. எனினும் பத்து மாதங்களுக்கு மேல் சென்றன. முன்னெச்சரிக்கை என்பது தற்காலிக நியாயமே. காலம் செல்லச் செல்ல அதனை மீளாய்வு செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

4. விமர்சனம் வேறு, வதந்தி வேறு

“இக்கட்டளைக்கு விஞ்ஞான ஆதாரம் என்ன?” என்று வினவுவது விமர்சனம். “இன்ன சமூகத்தவரே நோயைப் பரப்பினர்” என்பது வதந்தி. முன்னையது அரசைத் திருத்தும். பின்னையது அயலவரைப் பகைவராக்கும்.

இவ்வேறுபாடு அக்காலத்தில் சர்ச்சைக்கும் உள்ளாயிற்று. 2020 ஏப்ரல் 1இல், கொவிட் பணியிலுள்ள அரச உத்தியோகத்தர்களை விமர்சிப்போர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும் எனப் பொலிஸார் அறிவித்தனர். அதே மாதம் 25ஆந் திகதி, விமர்சித்தமைக்காக மட்டும் ஒருவரைக் கைது செய்வது அரசியலமைப்புக்கு முரணானது என மனித உரிமைகள் ஆணைக்குழு பதில் பொலிஸ் மா அதிபருக்குச் சுட்டிக்காட்டியது. பேச்சுச் சுதந்திரம் 14(1)(அ) உறுப்புரையின் கீழ் வரும் அடிப்படை உரிமை என்பதை நினைவிற் கொள்க.

5. முடிவு

மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது, பலர் சட்டத்தின் வழியிலும் அறிவியலின் துணைகொண்டும் இடைவிடாது வினவியதனாலேயாகும். சர்வதேச அழுத்தமும் அதற்குத் துணைபுரிந்தது. அவ்வினாக்களுக்கு உரிய காலத்தில் செவிசாய்த்திருந்தால், பின்னர் மன்னிப்புக் கோரவேண்டி வந்திராது. மன்னிப்பு மதிக்கத்தக்கதே; ஆயினும் தகனம் செய்யப்பட்டவரின் குடும்பத்திற்கு அது ஒரு கப்றைத் தரமாட்டாது. காலத்தே எழும் விமர்சனத்தின் பெறுமதி இதுவே.

கவனிக்க: எதிர்த்தரப்பின் மிக வலுவான நியாயத்தை முதலில் நேர்மையாகக் கூறி, பின்னர் மறுத்துரையுங்கள். திகதிகளைச் சரியாகக் குறிப்பிடுங்கள். ஆட்களையன்றித் தீர்மானங்களையே விமர்சியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. விமர்சனத்திற்கும் வதந்திக்கும் இடையிலான வேறுபாட்டை உமது சொந்த உதாரணம் ஒன்றின் மூலம் விளக்குக.
2. “முன்னெச்சரிக்கை தற்காலிக நியாயமே.” இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ மூன்று நியாயங்கள் தருக.
3. தொற்றுநோய்க் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டமையை மேற்கூறிய நான்கு வினாக்களின் அடிப்படையில் ஆராய்க.