விமானியின் உடல் எடையும் தகுதிப் பரிசோதனையும்

ஆகாய விமானம் ஒன்று தரையை விட்டுக் கிளம்புமுன் அதன் இயந்திரங்கள், எண்ணெய்க் குழாய்கள், சக்கரங்கள், கருவிகள் யாவும் சோதிக்கப்படுகின்றன. அதைச் செலுத்தும் விமானியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கப்படுகிறார். இயந்திரத்தில் ஓர் உறுப்புப் பழுதுபட்டால் அதை மாற்றிவிடலாம். விமானியின் உடலில் குறை காணப்பட்டாலோ, ஒரு குடும்பத்தின் பிழைப்பே கேள்விக்கு உள்ளாகிறது. குறையைக் காணத் தவறினால் நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிருக்கு ஆபத்து நேரிடலாம். இவ்விரு பொறுப்புகளுக்கும் இடையே நின்றே மருத்துவர் தம் முடிவைக் கூற வேண்டியிருக்கிறது.

இப்பரிசோதனையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடல் எடையையே முதலில் குறிப்பிடுகின்றனர். எடையை அளப்பது எளிது. எண்ணாக எழுதுவதும் எளிது. ஆகவே அந்த எண்ணே தகுதியை நிர்ணயிக்கிறது என்ற எண்ணம் பரவியுள்ளது. ஆனால் எடை, மேலும் ஆராய வேண்டும் என்று அறிவிக்கும் ஓர் அறிகுறியே. அது முடிவான தீர்ப்பு அன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்வது விமானிகளுக்கு மட்டுமன்றி, பள்ளியிலும் கிராமத்திலும் உயரமும் எடையும் அளக்கும் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயனுடையதாகும்.

கல்கத்தாவில் பிறந்த ஒரு விமானி

இந்தியரின் விமான வரலாற்றில் தகுதிப் பரிசோதனையைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று கல்கத்தாவைச் சார்ந்தது. இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2ஆம் நாள் அந்நகரில் பிறந்தார். இலண்டனில் கல்வி பயின்றுகொண்டிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவில் சேர விண்ணப்பித்த அவரைக் கண்பார்வை போதாது என்று கூறி நிராகரித்துவிட்டனர். தம் மோட்டார் சைக்கிளை விற்று, கிடைத்த பணத்தைக் கொண்டு சிறந்த கண் மருத்துவர் ஒருவரிடம் அவர் மறுபரிசோதனை செய்துகொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். முந்தைய முடிவு மாற்றப்பட்டது. 1917 ஜூலையில் அவர் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அவ்வாண்டு டிசம்பரில் விமானம் விழுந்து காயமுற்றதால் அவர் மீண்டும் தகுதியற்றவராக்கப்பட்டார். உடல் தேறியபின் மறுபடியும் தகுதி பெற்று, 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வான்போர் வெற்றிகளை ஈட்டினார். அம்மாதம் 22ஆம் நாள் போரில் உயிர் துறந்தபோது அவருக்கு வயது 19. சிறப்புமிக்க பறத்தல் சிலுவை என்னும் விருது அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றினின்று பரிசோதனையே வீண் என்று கொள்ளலாகாது. முதல் பரிசோதனையின் முடிவைத் திருத்தியது சிபாரிசு அன்று. நுட்பமான மற்றொரு பரிசோதனையே. மருத்துவ முடிவு என்பது அன்றைய நாளில், அன்றைய கருவிகளைக் கொண்டு செய்யப்படும் மதிப்பீடு. அதை மறுபடியும் ஆராய்வதற்கு வழி இருத்தல் வேண்டும். இன்று இந்தியாவில் தகுதியற்றவர் என்று முடிவு கூறப்பட்ட விமானி மேல்முறையீடு செய்து மறுபரிசோதனை கோரலாம்.

பரிசோதனையின் அமைப்பு

1944ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நிறைவேறிய உடன்படிக்கையின் பயனாகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தோன்றியது. விமானிகளின் உரிமங்களைப் பற்றிய அதன் முதலாம் இணைப்பு 1948இல் ஏற்கப்பட்டது. இதன்படி மருத்துவத் தகுதி மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வர்த்தக விமானங்களைச் செலுத்துவோருக்கு முதல் வகுப்பு. சொந்த உபயோகத்துக்காகப் பறப்போருக்கு இரண்டாம் வகுப்பு. தரையிலிருந்து விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்புச் சான்று பொதுவாக ஓராண்டுக்குச் செல்லும். பிரயாணிகளைத் தனியொருவராக ஏற்றிச் செல்லும் விமானிக்கு 40 வயதுக்குப் பின்னும், ஏனைய வர்த்தக விமானிகளுக்கு 60 வயதுக்குப் பின்னும் அது ஆறு மாதங்களாகக் குறைகிறது.

பரிசோதனையின் பல பகுதிகளுக்குத் திட்டமான எண்கள் உண்டு. தொலைப் பார்வை, கண்ணாடி அணிந்தோ அணியாமலோ, ஒவ்வொரு கண்ணிலும் 6/9 அளவுக்கும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவுக்கும் குறையக் கூடாது. செவிப்புலனுக்கு ஒலியின் அதிர்வெண் வாரியாக எல்லைகள் உள்ளன. முதன்முறை சான்று பெறும்போது இருதய மின்வரைபடம் எடுக்கப்படுகிறது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் அது கட்டாயம். ஆயினும் இன்ன உயரத்துக்கு இன்ன எடை என்ற அட்டவணை எதுவும் அவ்விணைப்பில் இல்லை. எடையை எவ்வாறு கருதுவது என்பது அந்தந்த நாட்டு அதிகாரிகளின் வழிகாட்டுக் குறிப்புகளுக்கும் மருத்துவரின் பகுத்தறிவுக்கும் விடப்பட்டுள்ளது.

ஒரு சதவீத விதி

பூரண ஆரோக்கியமுள்ள மனிதர் எவரும் இலர். ஆகவே எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். பல நாடுகளில் வழக்கிலுள்ள கணக்கு 'ஒரு சதவீத விதி' எனப்படும். அடுத்த ஓராண்டுக்குள் விமானி திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது என்பதே இவ்விதி.

ஓராண்டில் 8,760 மணி நேரம் உண்டு. நூற்றில் ஒன்று என்பது, ஏறத்தாழப் பத்து லட்சம் மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றாகிறது. இரு விமானிகள் இருக்கும் விமானத்தில், மேலெழும்புதலும் இறங்குதலுமாகிய நெருக்கடியான கட்டங்கள் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், ஆபத்து ஒரு கோடி மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைகிறது. அச்சமயத்திலும் மற்ற விமானி பொறுப்பேற்கத் தவறுவது நூற்றில் ஒரு தடவையே எனில், விபத்து நேரும் வாய்ப்பு நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்றாகிவிடும். இரண்டாவது விமானியின் இருப்பு எத்துணை மதிப்புடையது என்பதை இக்கணக்கு விளக்குகிறது.

கணக்கு இவ்வாறிருப்பினும் கருவிகளின் எல்லையை மறக்கலாகாது. 1972 ஜூன் 18ஆம் நாள் இலண்டனிலிருந்து கிளம்பிய டிரைடண்ட் விமானம் ஸ்டெயின்ஸ் என்ற ஊரருகே விழுந்து, அதிலிருந்த 118 பேரும் மாண்டனர். 51 வயதான தலைமை விமானியின் இருதய இரத்தக் குழாய்கள் கடுமையாக நோயுற்றிருந்தன என்பது பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. விசாரணையில் கண்ட காரணங்களுள் அதுவும் ஒன்று. அவர் முறைப்படி மருத்துவச் சான்று பெற்றிருந்தவரே. ஓய்வு நிலையில் எடுக்கும் மின்வரைபடம் எல்லா நோயையும் காட்டிவிடாது.

எடை எங்ஙனம் தொடர்புறுகிறது?

பருமன் தானாக ஒருவரை நடுவானில் செயலிழக்கச் செய்வதில்லை. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய் ஆகியவை பருமனுடன் சேர்ந்து வருவது மிகுதி. இவற்றுடன் உறக்க மூச்சுத்தடை என்னும் நோயையும் சேர்த்துக் கூற வேண்டும். உறங்கும்போது தொண்டையின் மென்தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்கின்றன. இரவெல்லாம் மூச்சு பலமுறை தடைப்படுகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உண்மையான உறக்கம் கிட்டுவதில்லை. பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறது. கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்பு சேர்ந்தவர்களிடம் இந்நோய் அதிகம்.

2008 பிப்ரவரி 13ஆம் நாள் ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலுவிலிருந்து ஹீலோவுக்குச் சென்ற விமானத்தில் இரு விமானிகளும் உறங்கிவிட்டனர். தரையிலிருந்து அழைத்தவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. விமானம் இறங்க வேண்டிய இடத்தைக் கடந்து சுமார் 48 கிலோமீட்டர் சென்றபின் அவர்கள் விழித்துத் திரும்பிப் பத்திரமாக இறங்கினர். தலைமை விமானிக்கு உறக்க மூச்சுத்தடை இருந்தது பின்னரே கண்டறியப்பட்டது. விடியற்காலையில் தொடங்கும் வேலை நேரங்களும் ஒரு காரணம் என்று விசாரணை கூறிற்று. நோய், வேலை நேரம் ஆகிய இரண்டையும் கருதாமல் எடையை மட்டும் நோக்கியிருந்தால் உண்மை புலப்பட்டிராது.

எண்ணின் வரலாறு

கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண், பி.எம்.ஐ. என்று வழங்குவது இதுவே. 170 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ளவருக்கு, 78ஐ 2.89ஆல் வகுக்க ஏறத்தாழ 27 கிடைக்கும். பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் இவ்விகிதத்தைக் கண்டார். ஒரு சமுதாயத்தின் சராசரி மனிதரை விவரிப்பதே அவர் நோக்கம். தனி மனிதரின் நோயைக் கண்டறிவது அன்று. 1972இல் ஆன்சல் கீஸ் என்பவர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

மனித உடலின் அளவுகளைக் கொண்டு புள்ளியியல் ஆராய்ச்சி நடத்தியதில் கல்கத்தாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இந்தியப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த நெல்சன் அன்னண்டேல் அந்நகர ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டியிருந்தார். அவர் வேண்டியபடி பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் அவற்றை ஆராய்ந்து, 1922இல் தம் முதல் புள்ளியியல் கட்டுரையை வெளியிட்டார். உடல் அளவுகளைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாக, இரு மக்கள் கூட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளக்க அவர் வகுத்த முறை 1936இல் முழு வடிவம் பெற்றது. உயரம், தலையின் அகலம் போன்ற அளவுகளைத் தனித்தனியே நோக்காமல், அவை ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்து மாறுகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதே அதன் சிறப்பு.

விமானியின் தகுதியை மதிப்பிடுவோருக்கும் இக்கருத்துப் பொருந்தும். எந்த மக்கள் கூட்டத்தைக் கொண்டு அளவை வகுக்கப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும். 2004இல் புணேயைச் சேர்ந்த யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இரு மருத்துவர்கள் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். இருவருக்கும் குறியெண் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாதெனினும், ஒரே எண்ணுக்குள் இரு வேறு உடல்கள் அடங்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. இந்தியர்களிடம் குறைந்த குறியெண்ணிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் காணப்படுவது பல ஆராய்ச்சிகளில் தெளிவாகியுள்ளது.

மேற்கூறிய 27 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி அது 'மிகை எடை'. 25 முதலே பருமன் எனக் கொள்ளும் 2009ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டு நெறிப்படி அது 'பருமன்'. மனிதர் ஒருவரே, எடையும் ஒன்றே. அட்டவணை மாறப் பெயர் மாறுகிறது. தசைப் பயிற்சியால் எடை கூடியவரும் இதே எண்ணைப் பெறக்கூடும். ஆகவே இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, உறக்கத்தின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வருதல் முறை.

எண்ணுக்குப் பின் என்ன?

அமெரிக்காவில் இதுபற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. குறியெண் 40 அல்லது அதற்கு மேற்பட்ட விமானிகள் யாவரும் உறக்க நோய்ச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று 2013இல் அந்நாட்டு விமானத் துறை அறிவித்தது. விமானிகளின் சங்கங்கள் இதை எதிர்த்தன. 2015இல் திருத்தப்பட்ட முறைப்படி, குறியெண்ணை மட்டும் கொண்டு எவரும் தகுதியிழக்க மாட்டார். மருத்துவர் எல்லா அறிகுறிகளையும் நோக்கி ஐயுற்றால், விமானி 90 நாட்களுக்குள் உறக்கச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பொதுவாக அக்காலத்தில் அவர் தொடர்ந்து பறக்கலாம்.

இதில் ஓர் உளவியல் உண்மை அடங்கியுள்ளது. நோயைச் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சுபவர் நோயை மறைப்பார். மறைக்கப்பட்ட நோய், சிகிச்சை பெறும் நோயைவிட அபாயகரமானது. உறக்க மூச்சுத்தடைக்கு நல்ல சிகிச்சை உண்டு. சிகிச்சை பெற்றுத் தேறியவர் மீண்டும் பறக்கலாம். இந்தியாவிலும் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்ற பிரிவு இருப்பது, குறையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவதற்காகவே.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யத்தக்கவை

உயரத்தை அளக்கும்போது பாதரட்சையைக் கழற்றச் செய்து, குதிகால் சுவரை ஒட்டியிருக்க நிறுத்த வேண்டும். உயரத்தில் நேரும் சிறு பிழையும் வர்க்கமாகும்போது பெருகும். 170ஐ 167 என்று எழுதிவிட்டால், மேற்கண்ட 27 என்ற குறியெண் 28ஆகிவிடும். இடுப்பை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளக்க வேண்டும். இந்தியப் பெரியோரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகளாகும். வளரும் பிள்ளைகளுக்குப் பெரியோரின் எல்லைகளைப் பயன்படுத்தலாகாது. அவர்களுக்கு வயது, பால் வாரியான வளர்ச்சி வரைபடங்களே உரியவை.

விமானியாக விரும்பும் மாணவருக்கு முக்கியமான ஆலோசனை ஒன்று உண்டு. பயிற்சிப் பள்ளிக்குப் பெருந்தொகை செலுத்துவதற்கு முன்னரே மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் முதலில் இரண்டாம் வகுப்பும், பின்னர் முதல் வகுப்பும் பெறுவது வழக்கம். நிறக்குருடு போன்ற குறை இருப்பின் அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். வீட்டையும் நிலத்தையும் அடகு வைத்தபின் தெரிந்து பயனில்லை. எடை மிகுந்திருப்பின் பரிசோதனைக்கு முன் சில நாள் பட்டினி கிடந்து குறைக்க முயல்வது உடலுக்குக் கேடு; அளவான உணவும் தினசரிப் பயிற்சியும் சில மாதங்களில் நிலையான பலனைத் தரும்.

தராசின் முள் காட்டும் எண்ணை மறைக்காமலும் திருத்தாமலும் எழுதுவது அளப்பவரின் கடமை. அதன் பொருளை ஏனைய சோதனைகளோடு சேர்த்து ஆராய்ந்து கூறுவது மருத்துவரின் கடமை. இவ்விரண்டும் ஒழுங்காக நடைபெறுமாயின் விமானியின் பிழைப்பும் பிரயாணிகளின் உயிரும் ஒருங்கே பாதுகாக்கப்படும்.