காற்றை நீக்குவது கண்டுபிடிப்பாகுமா?

காப்பித் தூளும் அரிசியும் காற்று நீக்கப்பட்ட உறைகளில் விற்பனைக்கு வருகின்றன. எளிதில் நொறுங்கும் கார்ன்ஃபிளேக்ஸை அதே முறையில் அடைத்து ஒருவர் காப்புரிமை கோரினால் வழங்கலாமா? விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும் தனியுரிமையை எதற்கு ஈடாகச் சமூகம் அளிக்கிறது என்பதே இதில் அடங்கிய கேள்வி.

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் புதுமை, கண்டுபிடிப்புத் திறம், தொழில்துறைப் பயன்பாடு ஆகிய மூன்றையும் கோருகிறது. சிக்கல் இரண்டாவதில்தான். துறை அறிந்த ஒருவருக்கு இயல்பாகவே தோன்றக்கூடியது கண்டுபிடிப்பு அன்று. பாத்திரம் கடையும் கருவி தொடர்பான பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறை அளவிலான சாதாரண மேம்பாடு போதாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இனி இயற்பியலுக்கு வருவோம். உறையினுள் காற்றை அகற்றியதும், வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. காப்பித் தூள் கட்டியாக இறுகும், கார்ன்ஃபிளேக்ஸ் நொறுங்கிவிடும். ஆதலால்தான் உருளைக்கிழங்கு சிப்ஸ் உறைகளில் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். உறுதியான டப்பாவில் அடைத்துக் காற்றை நீக்குவதும் தெரிந்த வழியே. ஆகவே, 'நொறுங்கும் உணவையும் வெற்றிடத்தில் அடைப்பேன்' என்பது வெறும் விருப்பம். மெல்லிய உறையிலேயே நொறுங்காமல் காக்கும் வழியொன்றை ஒருவர் கண்டறிந்தால் நிலைமை வேறு. இயலாது எனத் துறையினர் ஒதுக்கியதை அவர் இயலச் செய்திருக்கிறார்; காப்புரிமைக்கு அவர் தகுதியுடையவர். அப்போதும் உரிமை அந்த வழிக்குத்தானே தவிர, வெற்றிடத்தில் அடைக்கப்பட்ட கார்ன்ஃபிளேக்ஸ் அனைத்துக்கும் அன்று.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தம், தொழில்நுட்ப முன்னேற்றத்துடன் 'பொருளாதார முக்கியத்துவம்' என்பதையும் அளவுகோலாகச் சேர்த்தது. நன்றாக விற்கும் பொருளெல்லாம் கண்டுபிடிப்பு என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அது பிழை. எளிதில் தோன்றாதது என்னும் நிபந்தனை அப்போதும் நீங்குவதில்லை.

தகுதியற்ற காப்புரிமையின் விலையைச் சிறு உற்பத்தியாளரும் நுகர்வோரும் செலுத்துகிறார்கள். ஓரம் நீக்கி விளிம்பு மூடிய சாண்ட்விச்சுக்கு அமெரிக்காவில் 1999இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அது பின்னர் மறுஆய்வில் நீக்கப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் சிறிய உணவு நிறுவனமொன்று அதனால் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது.

நம் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே எவரும் எதிர்ப்புத் தெரிவிக்க இடமளிக்கிறது. மருந்துகளின் விஷயத்தில் நோயாளர் அமைப்புகள் இவ்வுரிமையைப் பயன்படுத்தியுள்ளன. உணவுத் துறையின் சிறு உற்பத்தியாளர் சங்கங்களும் வெளியிடப்படும் விண்ணப்பங்களைக் கவனித்து, உரிய நேரத்தில் இதைப் பயன்படுத்த முன்வர வேண்டும்.